துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு... வீட்டிலேயே தோட்டா தயாரிக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

கோவிலம்பாக்கத்தில் 200 அடி ரேடியல் ரோட்டை ஒட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பரங்கிமலை, தாம்பரம் என்று படைப்பிரிவுகள் சூழ்ந்த பகுதி என்பதால் இது ஒன்றும் அதிசயமான கற்பனை இல்லை. பீரோ லாக்கரில் ஒரு .32 ரிவால்வர். லைசென்ஸ் முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் மாலை யூடியூப்பில் ஒரு வீடியோ வருகிறது. அமெரிக்காவில் யாரோ ஒருவர், கார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுட்ட காலி ஓடுகளை ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துக் கைப்பிடியை இழுக்கிறார். புதுத் தோட்டா வெளியே வருகிறது. ‘கடை விலையில் பாதிகூட ஆகாது’ என்கிறார். நம்மவருக்கு ஒரு யோசனை: லைசென்ஸ்தான் இருக்கே, நாமும் செய்தால் என்ன?

இணையத்தில் தேடினால் ‘ரிவால்வர் தோட்டாவை வீட்டில் பாதுகாப்பாக ரீலோட் செய்வது எப்படி’ என்று ஆயிரம் பக்கங்கள் கிடைக்கும். எல்லாமே ‘எப்படி’ என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. ‘செய்யலாமா’ என்ற கேள்வி அந்த ஊரில் எழுவதில்லை, அதனால் அதற்குப் பதிலும் இல்லை. இந்தியாவில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். பதில்: கூடாது. மீறினால் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள்.

லைசென்ஸ் வைத்திருக்கும் பலருக்கே இது தெரியாது என்பதுதான் சிக்கல்.

ரீலோடிங் என்றால் என்ன?

நாம் பொதுவாக ‘தோட்டா’ என்று சொல்வது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒன்று. வெளியே பித்தளை ஓடு. அதன் அடியில், சுத்தியல் பட்டதும் தீப்பொறி தரும் பிரைமர். உள்ளே புகையற்ற வெடிமருந்து. முனையில், பாய்ந்து போகும் ஈயக் குண்டு. சுட்டபிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். பித்தளை ஓடு மட்டும் மிஞ்சும். விலை அதிகமான பாகமும் பெரும்பாலும் அதுதான். அந்த ஓட்டைத் திரும்பப் பயன்படுத்துவதுதான் ரீலோடிங் அல்லது ஹேண்ட்லோடிங்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் உற்பத்தியாளர் லைசென்ஸ் வேண்டும். பிரிட்டனில் ரீலோட் செய்ய அனுமதி உண்டு, ஆனால் பிரைமர் வாங்கவே துப்பாக்கிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். வீடியோ போடும் ஆட்களின் சட்டப் பின்னணி இது. அந்தப் பின்னணி வீடியோவோடு சேர்ந்து வருவதில்லை.

காலி ஓடும் ‘தோட்டா’தான்!

ஆயுதச் சட்டம், 1959. இந்தியாவில் துப்பாக்கி சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். இதன் 2-வது பிரிவு ‘அம்யூனிஷன்’ என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்தால் தலை சுற்றும். சுடத் தயாரான தோட்டா மட்டும் அல்ல. துப்பாக்கிக்கான மருந்துத் திணிப்பும், அதற்கான துணைப்பொருட்களும் அதில் அடக்கம். தோட்டாவின் பாகங்களும் அடக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் ‘அம்யூனிஷன்’ என்றே எழுதியிருக்கிறது.

அதாவது, கைப்பிடி வைத்த அந்தச் சின்ன பிரஸ் இயந்திரத்தை ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மேஜையில் பொருத்தினால், ஒரு தோட்டாகூடச் செய்யாமலேயே சட்டப்படி அவர் கையில் இருப்பது அம்யூனிஷன். ‘சும்மா வாங்கி வச்சிருக்கேன் சார்’ என்பது இங்கே எடுபடாது.

அப்போ ஷோகேஸில் ஞாபகார்த்தமாக வைத்திருக்கும் காலி ஓடு? சாவிக்கொத்தில் தொங்கும் பித்தளை? நல்லவேளையாக அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. 45(டி). ஆயுதம் அல்லது தோட்டாவின் சிறு பாகத்தை ஒருவர் வைத்திருந்து, அதை மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லையென்றால் சட்டம் அவருக்குப் பொருந்தாது. இங்கே முடிவுசெய்வது எண்ணம்தான். ஷோகேஸில் இருக்கும் ஒற்றை ஓடு நினைவுப்பொருள். அதே ஓடு ஐம்பது, ஒரு டப்பாவில் கழுவிக் காயவைத்து, பக்கத்தில் பிரைமரும் இயந்திரமும் இருந்தால்? எண்ணம் என்ன என்பதை அந்த மேஜையே சொல்லிவிடும்.

விமான நிலையங்களில் பையின் மூலையில் ஒரு தோட்டாவோடு சிக்குபவர்களின் வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இதைத்தான் பார்க்கின்றன. ‘தெரிந்தே வைத்திருந்தாரா’ என்பதுதான் அங்கே கேள்வி. 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய கோட்பாடு அது. தெரியாமல் பையில் தங்கிப்போன தோட்டா என்று நிரூபித்துத் தப்பியவர்கள் உண்டு. தெரியாமல் ரீலோடிங் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

லைசென்ஸ் எதற்கு, எதற்கு இல்லை?

சாதாரண ஆளுக்குத் தரப்படும் லைசென்ஸ் ‘படிவம் 3’-ல் வருவது. துப்பாக்கியும் தோட்டாவும் வாங்க, வைத்துக்கொள்ள, எடுத்துச் செல்ல அது அனுமதி. சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் மாவட்டங்களில் கலெக்டரும் இதைக் கொடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்ற எண்ணிக்கை அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் விற்கும்போது அதையும் பதிவு செய்வார்.

தயாரிப்பு என்பது வேறு கதை. சட்டத்தின் 5-வது பிரிவு, தனி லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ உற்பத்தி செய்யவோ விற்கவோ கூடாது என்கிறது. சொந்த உபயோகத்துக்கு என்று எந்த விதிவிலக்கும் அந்தப் பிரிவில் இல்லை. ‘விக்கிறதுக்கா செய்றேன்?’ என்ற வாதம் அமெரிக்காவில் செல்லும். தாம்பரத்தில் செல்லாது.

குடகு பகுதியினருக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்த விலக்கு வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும்தான். தயாரிப்பதற்கு அவர்களுக்கும் கிடையாது.

7 ஆண்டு எங்கிருந்து வந்தது?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. செய்திகளில் அதிகம் அடிபட்டது இரண்டு விஷயங்கள்தான். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவது தனிக் குற்றமானது, அதற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும் என்பது மட்டும் லைசென்ஸ்தாரர்களுக்குக் கிடைத்த ஒரு சின்னச் சந்தோஷம்.

இந்தச் சத்தத்தில் 25(1)(ஏ) பிரிவில் நடந்த மாற்றம் பலருக்குத் தெரியாமலே போனது. சட்டவிரோத உற்பத்தி, விற்பனைக்கான குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று உயர்ந்தது. அரசின் குறி தெளிவாகவே இருந்தது. பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் வீட்டுக்கு வீடு நடக்கும் கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகள், அங்கிருந்து நாடு முழுக்கப் போகும் ‘கட்டா’ எனப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கிகள், அவற்றுக்குப் பின்னால் உள்ள கும்பல்கள். ஆனால் வலை பெரிதாக விரிக்கப்பட்டதால், பொழுதுபோக்காக ஐம்பது தோட்டா செய்பவரும் ஐநூறு கட்டா விற்பவரும் ஒரே பிரிவுக்குள் வந்துவிட்டார்கள். இரண்டையும் வேறுபடுத்தும் வரி சட்டத்தில் இல்லை. குறைந்தபட்ச தண்டனை என்று இருப்பதால் நீதிபதிக்கும் கை கட்டப்பட்டிருக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், விவாதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த விவாதத்தை ஜாமீன் மனுவில் நடத்துவது புத்திசாலித்தனம் இல்லை.

வித்தியாசம் புரிய ஓர் ஒப்பீடு. லைசென்ஸ் நிபந்தனையை மீறுவதற்கு 30-வது பிரிவில் இருப்பது 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. தயாரித்தால் 7 ஆண்டில் தொடங்குகிறது. அதற்கு மேல், உள்ளே போகும் வெடிமருந்துக்காக 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1908-ம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டமும் தனித்தனியாகக் காத்திருக்கின்றன.

சரி, ஏன் இந்த ஆசை வருது?

தோட்டா எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான் நேர்மையான பதில். இந்தியாவில் சாதாரண லைசென்ஸ்தாரர் வாங்கும் .32 ரிவால்வர் பெரும்பாலும் கான்பூர் அரசு ஆலையில் செய்தது. 2014-ல் பெண்களுக்காக என்று விளம்பரம் செய்யப்பட்ட ‘நிர்பீக்’ ரிவால்வரும் இந்த ரகம்தான். தோட்டா புனே அருகே கட்கி ஆலையிலிருந்து வருகிறது. 1869-ல் தொடங்கிய ஆலை. தோட்டாவின் அடியில் ‘கே.எஃப்.’ என்று பொறித்திருப்பது அந்த ‘கிர்க்கி ஃபேக்டரி’தான். 2021 அக்டோபரில் பாதுகாப்புத் தளவாட ஆலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது கட்கி ‘மியூனிஷன்ஸ் இந்தியா’ நிறுவனத்தின் கீழ் போனது.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. நீலகிரி அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் ஃபேக்டரி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதே புகையற்ற வெடிமருந்து வகைகளைத் தயாரிக்கிறது. குன்னூர் பக்கம் மலை ரயிலில் போனவர்களுக்கு அந்த ஸ்டேஷன் பெயர் ஞாபகம் இருக்கும். வீட்டு மேஜையில் கரண்டியால் அளந்து போடலாம் என்று சிலர் நினைக்கும் பொருளைத் தயாரிக்க, ஒரு மலைச்சரிவையே ஒதுக்கி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே நிறையத் தோட்டா தேவைப்படுபவர்கள் விளையாட்டு வீரர்கள். அஜித் 2021-ல் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் ஆறு பதக்கம் வாங்கினார், அடுத்த ஆண்டு திருச்சியிலும் சுட்டார். அதன் பிறகு ரைஃபிள் கிளப் என்றால் என்ன என்று கேட்ட இளைஞர்கள் அதிகம். ஒரு போட்டிக்குத் தயாராக நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற சாதாரண லைசென்ஸ் கணக்கு அதற்குப் போதாது. அதற்காகத்தான் 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் தகுதிபெற்ற வீரர்களுக்கான அளவை உயர்த்தியது. .22 ரகத்தில் 5,000 தோட்டா வரை அனுமதி கிடைத்தது. சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் 12 துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளவும் வழி வந்தது. தோட்டாத் தட்டுப்பாட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் கதவு இதுதான்: கிளப்பில் சேர்ந்து, சங்கத்தின் வழியாக, கணக்கோடு வாங்குவது.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அதில் வெடிமருந்து கிடையாது, காற்றழுத்தம்தான்.

‘பாதுகாப்பாக’ செய்ய முடியாதா?

சட்டத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. ரிவால்வர் தோட்டாவுக்குத் தேவைப்படும் மருந்து மிகக் கொஞ்சம். ஓட்டின் உள்ளே பாதிக்கு மேல் காலியாகவே இருக்கும். அதனால் கவனக்குறைவில் ஒரே ஓட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் வெளியே பார்த்தால் தெரியாது. சுட்டால் அழுத்தம் தாங்காமல் ரிவால்வரின் உருளையே பிளக்கும். பிளப்பது சுடுபவரின் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில்.

அதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம். மருந்தே விழாமல் பிரைமர் மட்டும் வெடித்தால், குண்டு குழலுக்குள் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ‘டப்’ என்று சின்னச் சத்தம்தான் வரும். பிஸ்டலாக இருந்தால் பெரும்பாலும் அடுத்த தோட்டா தானாக ஏறாமல் நின்றுவிடும். ரிவால்வர் அப்படி இல்லை, விசையை இழுத்தால் உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். அடைபட்ட குழலில் இரண்டாவது குண்டு பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பல ஆண்டு அனுபவம் உள்ள அமெரிக்கர்களே இந்த இரண்டு தவறுகளையும் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு மருந்துக்கும் கம்பெனி வெளியிடும் அளவுப் பட்டியல் இருக்கிறது. இங்கே சட்டவிரோதமாகக் கிடைக்கும் மருந்து என்ன ரகம் என்று விற்பவருக்கே தெரியாது.

இன்னொன்று, இடம். தனி வீட்டுக் கொட்டகையில் ஒருவர் செய்யும் தவறு அவரோடு போகும். கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கம் சுவருக்கு அந்தப்புறம் இன்னொரு குடும்பத்தின் சமையலறை. வெடிமருந்தை வீட்டில் வைத்து வேலை செய்வதன் விலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பட்டாசு திணிக்கும்போது நடக்கும் விபத்துகள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. தலைமுறையாக மருந்தோடு பழகிய கைகளுக்கே அந்தக் கதி.

நாட்டுத் துப்பாக்கியும் அவுட்டுக்காயும்

கையால் மருந்து திணிப்பது தமிழகத்தில் இல்லாத பழக்கம் என்றும் சொல்ல முடியாது. கல்வராயன், ஜவ்வாது மலைகளிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டோரங்களிலும் குழல் வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள் பல தலைமுறையாக இருக்கின்றன. நரிக்குறவர்களிடம் லைசென்ஸோடு இருந்தவையும் உண்டு. லைசென்ஸ் பெற்ற அத்தகைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்து திணிப்பது சுடும் முறையின் ஒரு பகுதி. பித்தளைத் தோட்டா தயாரிப்பதோடு அதை ஒன்றாக வைக்க முடியாது. லைசென்ஸ் இல்லாதவற்றைத்தான் போலீஸ் அவ்வப்போது கெடு வைத்து ஒப்படைக்கச் சொல்கிறது. வழக்கு இல்லை என்று உறுதி கொடுத்ததும் ஊர்ப் பொது இடத்தில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போன சம்பவங்களும் நடந்திருக்கின்றன.

அதே கரிமருந்து உணவுக்குள் வைக்கப்பட்டால் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்கு என்று வைப்பதை யானை கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாவதைக் கோவை வனப்பகுதிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு

2024 ஜூன் 2. சென்னை விமான நிலையம். திருச்சி செல்ல வந்த நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ-வுமான கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் இருந்தது ஸ்கேனில் தெரிந்தது. தன்னிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, தேர்தலுக்காகத் துப்பாக்கியை போலீஸில் ஒப்படைத்துவிட்டேன், அவசரத்தில் பையைப் பார்க்காமல் எடுத்து வந்துவிட்டேன் என்று அவர் விளக்கம் கொடுத்தார். ஆவணங்களைக் காட்டிய பிறகு விட்டுவிட்டார்கள். பயணம் மட்டும் கெட்டது.

அவருக்குக் கைகொடுத்தது லைசென்ஸ் புத்தகமும் அதில் இருந்த கணக்கும்தான். கடையில் வாங்கிய தோட்டாவுக்குத் தேதி, எண்ணிக்கை, கடை பெயர் எல்லாம் இருக்கும். வீட்டில் செய்த தோட்டாவுக்கு எதுவும் இருக்காது. தேர்தல் வரும்போதெல்லாம் லைசென்ஸ்தாரர்களைக் கூப்பிட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். கணக்குக்கு மேலே பத்துத் தோட்டா இருந்தால், ‘எங்கே வாங்கினீங்க’ என்பதுதான் அடுத்த கேள்வி.

சென்னையின் தென்புறநகரில் இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. நிலம் விலை ஏற ஏற, தற்காப்புக்கு என்று வாங்கிய துப்பாக்கிகள் தகராறுக்குள் வந்துவிடுகின்றன. 2020 ஜூலையில் திருப்போரூர் அருகே செங்காட்டில் நிலப் பிரச்சினையில் துப்பாக்கிச் சூடு நடந்து, அப்போதைய எம்.எல்.ஏ ஒருவரே கைதானார்.

அப்பா விட்டுப்போன தோட்டா இருந்தால்?

ரீலோடிங் பற்றி யோசித்தே பார்க்காத குடும்பங்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. அப்பாவோ தாத்தாவோ லைசென்ஸ் வைத்திருந்தார். இறந்துவிட்டார். துப்பாக்கியை ஒப்படைத்தாகிவிட்டது. சில ஆண்டு கழித்து வீடு காலி செய்யும்போது பரணில் ஒரு தகர டப்பா. உள்ளே பழைய தோட்டாக்கள், காலி ஓடுகள், சில சமயம் பெயர் தெரியாத கறுப்புத் தூள்.

இதைக் குப்பையில் போடக் கூடாது. சாக்கடையிலோ நாராயணபுரம் ஏரியிலோ வீசவும் கூடாது. தூள் இருந்தால் டப்பாவைத் தட்டி, திறந்து, முகர்ந்து பார்க்கும் வேலையே வேண்டாம், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீஸுக்குத் தகவல் சொல்லலாம். வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு. லைசென்ஸ்தாரர் இறந்தால் அவரது வாரிசுக்கும் அதே பிரிவில் வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு, எத்தனை உருப்படி என்று எழுதிய கடிதத்தோடு போய், ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.